கொழும்பில் இறங்கி, கண்டி பார்த்து, பொழுது சாயக் கப்பலேறுவது

கொழும்புத் துறைமுக வாசலிலிருந்து கண்டி மணிக்கூண்டு வரை சாலையில் ஏறத்தாழ 116 கிலோமீட்டர். வரைபடத்தை வைத்துப் பார்ப்பவர் இரண்டு மணி நேரம் என்பார். ஏ1 சாலையில் வண்டி ஓட்டியவர் மூன்றரை மணி என்பார். கப்பலில் வந்து ஒரு பகல் மட்டும் கரையில் நிற்பவர்களின் கண்டிப் பயணம் கெட்டுப்போவதெல்லாம் இடையில் உள்ள அந்த ஒன்றரை மணியில்தான்.

இந்தக் கணக்கைப் பிசகாமல் போடத் தெரிந்த ஒருவர் கண்டி டவுணையொட்டிய கட்டுக்கலையில் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். கட்டுக்கலைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். சுற்றுலா அதிகார சபையின் உரிமம் பெற்ற ஷோபர் கைட்; வண்டியும் அவரே ஓட்டுவார், கதையும் அவரே சொல்வார். நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை கொழும்புக்குச் சுற்றுலாக் கப்பல்கள் அதிகம் வரும். அந்த மாதங்களில் விடியுமுன்பே கண்டியிலிருந்து இறங்கித் துறைமுக வாசலில் வேனை நிறுத்தி, பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருடைய பிழைப்பாக இருந்தது. இங்கிலாந்துக்காரர், ஜெர்மன்காரர், ஆஸ்திரேலியர் என்று எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறார். ஆனால் பேச்சுக் கொடுத்தால் அவர் முதலில் எடுப்பது கொவிட்டுக்கு முந்திய ஒரு ஜனவரியில் தன் தாய்மாமனைக் கொண்டுபோய்க் காட்டிய நாளைத்தான்.

அந்த நாளுக்கு வருமுன், கப்பல்காரர்களுக்குக் கண்டி எப்படிப் பழக்கமானது என்று பார்த்துவிடலாம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் இலங்கையைத் தொடாமல் போவது அரிதானது. அப்போது தபால் கப்பல்கள் நின்றது காலித் துறைமுகத்தில். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், அதாவது பிற்காலத்து ஏழாம் எட்வர்ட், கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 1880களில் சுவர் முடிந்தது, கப்பல்களும் கொழும்புக்கு மாறிவிட்டன. அதற்குள் கோப்பி மூட்டை இறக்குவதற்காகப் போட்ட ரயில் பாதை 1867லேயே கண்டியை எட்டியிருந்தது. கப்பல் நிலக்கரி ஏற்றும் நேரத்தில் பயணிகள் கரித்தூளுக்குப் பயந்து கரையிறங்குவார்கள். துறைமுகத்துக்கு எதிரே இன்றும் நிற்கும் கிராண்ட் ஒரியன்டல் ஹோட்டலில் ஒரு குளியல், கோட்டை ஸ்டேஷனில் ஒரு டிக்கெட், மலையேறிக் கண்டி.

அப்படி ஏறியவர்களில் ஒருவர் ருஷ்ய எழுத்தாளர் அன்டன் செக்கோவ். சகலின் தீவின் கைதிகளைப் பார்த்துவிட்டு, 1890 நவம்பரில் ‘பீட்டர்ஸ்பர்க்’ என்ற கப்பலில் ஊர் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கினார். ரயிலில் கண்டிக்குப் போனார். சகலினை நரகம் என்றும் இலங்கையைச் சொர்க்கம் என்றும் நண்பருக்கு எழுதினார். சொர்க்கத்தின் நினைவாக அவர் கப்பலில் ஏற்றிச் சென்றது கீரிப்பிள்ளைகளை! 1897 ஜனவரியில் மேலைநாட்டுப் பயணம் முடித்துக் கொழும்பில் கரையிறங்கிய விவேகானந்தரும் கண்டிக்கு ரயிலேறியவர்தான். அங்கிருந்து மாத்தளை, அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்றார்.

இவர்களுக்கெல்லாம் கையில் இருந்தது நாள் கணக்கு. இன்றைய சொகுசுக் கப்பல் பயணிக்கு இருப்பது மணிக் கணக்கு. காலை ஆறுக்குக் கட்டி மாலை ஏழுக்கு அவிழ்த்துவிடும் கப்பல் என்றால் அதுவே தாராளம்.

மாமாவின் கதை இப்படி. அவர் பிறந்தது கண்டி நகருக்குத் தெற்கே மதில்போல எழும் ஹந்தானை மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1964இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி, இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று தலைகளை எண்ணினார்கள். மாமா குடும்பம் ‘இந்தியா’ என்று எழுதிக்கொடுத்தது. அவருடைய அக்கா, அதாவது கட்டுக்கலைக்காரரின் அம்மா, அதற்குள் கண்டி டவுணில் வாழ்க்கைப்பட்டிருந்ததால் இங்கேயே தங்கிவிட்டார். 1970களின் நடுவில் பையனாக இருந்த மாமா, அப்பா அம்மாவோடு மலையிறங்கும் ரயிலில் ஏறித் தலைமன்னார் போய், இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்து, மண்டபம் முகாமைக் கடந்து நீலகிரிக்குப் போனார். கூடலூர்ப் பக்கம் சேரம்பாடியில், தாயகம் திரும்பியோருக்காக அரசு தொடங்கிய டான்டீ தோட்டத்தில் பாக்டரி வேலை. அங்கேயே கல்யாணம், அங்கேயே ஓய்வு.

மகள் சிங்கப்பூரில் வேலைக்குப் போனாள். அப்பா அம்மாவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக்கொடுத்தாள். சிங்கப்பூரிலிருந்து மேற்கே போகும் கப்பல், வழியில் கொழும்பில் ஒரு பகல் நிற்கும். அந்த ஒரு பகலுக்காகத்தான் மாமா சரி என்றாராம்.

மகளிடமிருந்து கட்டுக்கலைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. பின்னவல யானைகள், பேராதனைப் பூந்தோட்டம், தலதா மாளிகை, பஹிரவகந்தை புத்தர் சிலை, கண்டிய நடனம், மாத்தளை முத்துமாரியம்மன் கோயில், வாசனைத் திரவியத் தோட்டம், இரத்தினக் கடை. கடைசியாக அத்தையின் சொந்த விருப்பம்: எம்.ஜி.ஆர். பிறந்த ஊர்.

“தங்கச்சி, இது மூணு நாள் லிஸ்ட்டு,” என்று பதில் போட்டார். பிறகு அவர் எப்போதும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டார். கப்பல் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதல்ல அது. “டிக்கெட்டில போட்டிருக்கிறது கப்பல் நேரமா, கொழும்பு நேரமா?”

சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் இரண்டரை மணி வித்தியாசம். கடலில் போகப் போகக் கப்பலின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வருவார்கள். கொழும்பின் அரை மணிக் கணக்கோடு அது ஒத்துப்போகிறதா என்பதை அறிவிப்பைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். கையிலுள்ள போன் கரையிறங்கியதும் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும், கைக்கடிகாரம் மாறாது. இலங்கையே 1996 முதல் 2006 வரை மின்சாரத்தைச் சேமிக்கவென்று கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்த நாடு. முதலில் இந்திய நேரத்தைவிட ஒரு மணி, பிறகு அரை மணி கூடுதல்; 2006 ஏப்ரலில்தான் பழையபடி இந்திய நேரத்துக்குத் திரும்பியது. அந்தக் காலத்தில் துறைமுக வாசலில் நின்றவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வண்டியை எடுக்கமாட்டார்கள்.

இரண்டாவது, திட்டத்தைக் காலையிலிருந்து போடக் கூடாது. மாலையிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். கப்பல் ஏழுக்குக் கிளம்பும் என்றால் ஆறரைக்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். வாசலில் சோதனை முடித்து உள்ளே போகும் பஸ்ஸைப் பிடிக்க அரை மணி. ஆக, வேன் ஆறு மணிக்கு வாசலில். சாலையில் எதுவும் நடக்கலாம் என்பதற்கு ஒரு மணி நேரம் தனியே எடுத்து வைக்க வேண்டும்; அந்த மணி யாருக்கும் சொந்தமில்லை, அதில் கடைக்குப் போக முடியாது. ஐந்து மணியில் மூன்றரையைக் கழித்தால் ஒன்றரை. கண்டியை விட்டுக் கிளம்புவது பிற்பகல் ஒன்றரை! காலையில் கப்பல் ஆறுக்குக் கட்டினாலும் அனுமதிச் சீட்டு வாங்கி வாசலுக்கு வர ஏழு தாண்டும். கண்டியில் கால்வைக்கப் பத்தரை. மொத்தத்தில் கண்டிக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம்.

கப்பல் கம்பெனியே ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் போனால் இந்தக் கவலை இல்லை. அந்த பஸ் சாலையில் மாட்டிக்கொண்டால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். சொந்தமாக வேன் பேசிப் போனவருக்கு எந்தக் கப்பலும் காத்திராது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் விமானம் பிடித்துப் போய் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த மூன்று மணி நேரத்துக்குக் கண்டியே ஒரு பொறியும் வைத்திருக்கிறது. பிற்பகல் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடங்கள் விடும். மலைகளுக்கு நடுவே கிண்ணம்போலக் கிடக்கும் ஊருக்குள் பெரிய பள்ளிக்கூடங்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நெருங்கி நிற்கின்றன. அத்தனை வேன்களும் பஸ்களும் அந்த வேளையில் வாவியைச் சுற்றிய தெருக்களில் இறங்கினால், இரண்டு கிலோமீட்டருக்கு முக்கால் மணி. ஒன்றரைக்குக் கிளம்புவது என்று எழுதி வைத்தவர் உண்மையில் ஒன்றே காலுக்கு ஊர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்.

பட்டியலில் கத்தி விழுந்தது. பின்னவல யானைகள் முதலில் போயின. 1975இல் தென்னந்தோப்பு ஒன்றில் தாயிழந்த குட்டிகளுக்காக வனவிலங்குத் திணைக்களம் தொடங்கிய இடம் அது. யானைகள் மஹா ஓயாவுக்குக் குளிக்க வரும் காட்சி நன்றாகவே இருக்கும். ஆனால் குளியல் பத்து மணிக்கு. அதைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் கண்டிக்குப் போய்ச் சேரும்போது திரும்பும் நேரம். யானையா கண்டியா, ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்பது கட்டுக்கலைக்காரரின் தீர்ப்பு. இரண்டையும் தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்டுகளை அவர் நம்புவதில்லை. மாத்தளை கண்டியிலிருந்து மேலும் 26 கிலோமீட்டர் வடக்கே. கண்டிய நடனம் மாலையில்தான் தொடங்கும். எம்.ஜி.ஆர். பிறந்தது நாவலப்பிட்டியில், 1917இல். அது மலைப்பாதையில் இன்னொரு மணிக்கு மேல். வாசனைத் திரவியத் தோட்டமும் இரத்தினக் கடையும் ஓட்டுநருக்குத் தரகு கொடுக்கும் இடங்கள், அவற்றை மாமாவுக்குக் காட்டி என்ன ஆகப்போகிறது?

பேராதனைப் பூந்தோட்டத்தை வெட்டும்போதுதான் அவருக்கு மனம் கேட்கவில்லை. மகாவலி மூன்று பக்கமும் வளைத்து ஓடும் 147 ஏக்கர். 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிய தாவரத் தோட்டம். இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தை 1944இல் இங்கேதான் கொண்டுவந்து வைத்தார். விண்வெளிக்குப் போய் வந்த யூரி ககாரின் 1961இல் நட்ட மரமும் இங்கே நிற்கிறது. இரண்டு மணி நேரம் இல்லாமல் உள்ளே போவது வீண். அவர் தானாகவே சேர்க்க நினைத்திருந்த இன்னோர் இடத்தையும் வெட்டினார். பிலிமத்தலாவைக்குத் தெற்கே லங்காதிலக விகாரையின் பாறையில் பதினான்காம் நூற்றாண்டுச் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் வெட்டப்பட்டிருக்கிறது. அருகிலுள்ள கடலாதெனிய விகாரையை 1344இல் கட்டியவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. தமிழ் தெரிந்தவருக்கு இந்த இரண்டும் தலதா மாளிகையைவிடப் பேசும் என்பது அவருடைய எண்ணம். இந்தக் கட்டுரையை எழுதுபவரின் எண்ணமும் அதுவே.

மாமாவிடம் கேட்டபோது பட்டியலே தேவைப்படவில்லை. “ஹந்தானையப் பாக்கணும் மாப்ள. அப்பறம் கடுகண்ணாவையில ரயில்ல எறங்கணும். வேற ஒண்ணும் வேணாம்.” அத்தைக்கு ஒரு பிள்ளையார் கோயிலும் தலதா மாளிகையும் போதும்.

ரயில்தான் சிக்கல். கோட்டை ஸ்டேஷனிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பும் இன்டர்சிட்டியைக் கப்பல்காரர் பிடிக்க முடியாது. திரும்பும் இன்டர்சிட்டி மாலை மூன்றை ஒட்டிக் கிளம்பும். நேரத்துக்குப் போனாலும் கோட்டையில் இறங்கும்போது அந்தத் ‘தனி மணி’ தின்னப்பட்டிருக்கும். மலைப்பாதையில் ஒரு எஞ்சின் மூச்சுவிட நின்றால் தீர்ந்தது. ஆகவே ரயிலை முழுவதும் நம்பாமல், முழுவதும் விட்டுவிடாமல் ஒரு வழி கண்டார். பேராதனைச் சந்தி ஸ்டேஷனில் மாமாவையும் அத்தையையும் ரயிலேற்றிவிடுவது. அவர்கள் கடுகண்ணாவை வழியாக ரம்புக்கனை வரை ரயிலில் இறங்குவார்கள். அவர் வேனைக் கடுகண்ணாவைக் கணவாய் வழியே ஓட்டி, மாவனல்லை தாண்டித் திரும்பி, ரம்புக்கனை ஸ்டேஷன் வாசலில் நிற்பார். மலைப்பாதையில் அழகான பகுதி அவ்வளவுதான். ரம்புக்கனைக்குக் கீழே வெறும் வயல். 44 அடிக்கு ஓர் அடி என்று ஏறும் சரிவு, குகைகள், கிடுகிடு பள்ளத்துக்கு அந்தப்பக்கம் பத்தலேகலைப் பாறை, எல்லாம் இந்தத் துண்டுக்குள் அடங்கிவிடும். ஒன்றே முக்காலுக்குள் ரயில் வராவிட்டால் ரயில் இல்லை என்று முன்கூட்டியே மாமாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டார்.

நாட்காட்டியையும் பார்த்தார். போயா தினமாக, அதாவது பௌர்ணமியாக இருந்தால் மாளிகையில் வெள்ளை உடுத்த கூட்டம் வழிந்து வாசல் வரை நிற்கும். புகழ்பெற்ற எசல பெரஹரா ஜூலை–ஆகஸ்டில், அதுவும் இரவில்; கப்பல் வரும் பருவத்தில் இல்லை. 1954 ஏப்ரலில் ‘கோதிக்’ கப்பலில் வந்திறங்கிய இரண்டாம் எலிசபெத் அரசிக்குப் பருவம் பார்க்காமல் தனியே ஒரு பெரஹரா நடத்திக் காட்டினார்கள். சேரம்பாடியிலிருந்து வருபவருக்கு அந்த வசதி இல்லை.

அன்று ஏழு மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் மாமா வாசலுக்கு வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. “பாஸ்போர்ட்டு?” என்றார் மருமகன். நகல்தான் இருந்தது, அது போதும். தலதா மாளிகையில் வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், சார்க் நாட்டவருக்குச் சற்றுக் குறைவு, இலங்கையருக்குக் கட்டணமில்லை. ஹந்தானையில் பிறந்த மாமா சார்க் டிக்கெட்டில் உள்ளே போக வேண்டியவர்.

கிரிபத்கொடை, கடவத்தை, நிட்டம்புவை என்று சாலை ஊர்ந்தது. கஜுகமையில் வழக்கம்போலப் பெண்கள் முந்திரிப் பருப்புத் தட்டுகளோடு நின்றார்கள். அத்தை நிறுத்தச் சொன்னார், நிறுத்தவில்லை. கேகாலை தாண்டிக் கடுகண்ணாவையில் வண்டி வளைந்து வளைந்து ஏறியபோது, பழைய சாலை பாறையைக் குடைந்து போகும் அந்தத் துளையையும், சாலை போட்ட கப்டன் டோசனுக்கு எழுப்பிய கோபுரத்தையும் ஓடிக்கொண்டே காட்டினார். வழியில் இறங்கியது ஒரே தடவை, கழிவறைக்கு. வாசலிலிருந்து கண்டி வரை எங்கும் தேநீர் கிடையாது என்பது அவருடைய விதி. முதியவர்களோடு போகும்போது இது கொடுமை என்று நமக்குத் தோன்றும். ஆனால் இருபது நிமிடத் தேநீர் ஒன்றுதான் பின்னால் கோயிலைத் தின்னும்.

கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோயில், பேராதனைப் பக்கமிருந்து டவுணுக்குள் நுழையும் வழியிலேயே இருக்கிறது. உச்சிப் பூசைக்குப் பின் நடை சாத்துவதற்குள் அத்தை ஒரு தேங்காய் உடைத்தார். அடுத்தது தலதா மாளிகை. ஒன்பதரைப் பூசை முடிந்திருந்தது, ஆகையால் மாடியில் நெரிசல் குறைவு. புத்தரின் பல் வைத்த பேழை இருக்கும் அறைக் கதவு பூசை வேளையில்தான் திறக்கும். துறைமுகப் பயணிக்கு அது பெரும்பாலும் வாய்க்காது. தோளும் முழங்காலும் மூடிய உடை, வாசலில் செருப்பு, அதற்கு முன் உடற்சோதனை. 1998 ஜனவரியில் மாளிகை வாசலில் வெடித்த லொறிக் குண்டுக்குப் பின் வந்த கெடுபிடி இது.

வாவிக் கரையில் நின்றபோது மருமகன், இந்தக் குளத்தை 1807இல் வெட்டுவித்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவன், இயற்பெயர் கண்ணசாமி என்றார். 1815இல் ராச்சியம் போனது. 1816இல் அவனையும் குடும்பத்தையும் கொழும்பில் கப்பலேற்றி மதராசுக்கு அனுப்பினார்கள். வேலூர்க் கோட்டையில் கைதியாக இருந்து 1832இல் இறந்தான். மாமா தலையாட்டினார். “பாலாத்தங்கரையில முத்து மண்டபம்னு இருக்கே, அது இவரோடதுதானா? கொழுந்தியா வீடு அங்கதான். பஸ்ஸுல போறப்ப பாப்பேன்.”

ஹந்தானைக்கு ஏறும் சாலை ஒடுக்கம். பெரிய பஸ்ஸில் வருபவர்களுக்கு இது சிரமம், வேனுக்குப் பரவாயில்லை. மாமா சொன்ன இடத்தில் பழைய லயம் இல்லை. அதே வரிசையில் ஓரிரண்டு புதிய கூரைகளும், ஒரு தண்ணீர்த் தொட்டியும், கீழே காடு ஏறிய தேயிலையும் இருந்தன. மாமா தொட்டியைக் காட்டி “இது அப்பவே இருந்துச்சு” என்றார். வேறொன்றும் பேசவில்லை. மேலே தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போவோம் என்றார்.

அந்தக் கட்டடம் 1925இல் கட்டிய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை. பாழாய்க் கிடந்ததைச் செப்பனிட்டு 2001இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 1867இல் லூல்கந்துரையில் முதன்முதல் தேயிலையைப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்கள் மாடியில் இருக்கின்றன. மாமா சிறுவனாக இருந்தபோது பாக்டரிக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். கொழுந்துச் சாக்கு இறங்கும் வாசல் வரைதான் பார்த்திருக்கிறார். இப்போது டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

கீழ்த் தளத்தில் பழைய உருட்டு மெஷின் ஒன்றின் முன் நின்று வழிகாட்டி இளைஞர் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். மாமா குனிந்து, மெஷின் மேசையின் மேல் பித்தளையில் வளைந்து வளைந்து போகும் மேட்டு வரிகளை விரலால் தடவினார். “இது தேஞ்சிருக்கு. இதுல போட்டா இலை முறுகாது, நசுங்கும். சாறு வரும், ஆனா தூள்ல உருவம் வராது,” என்றார். மருமகன் சிங்களத்தில் சொன்னார். அந்த இளைஞர் ஆங்கிலத்தை நிறுத்திவிட்டு மாமாவிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். வாட்டும் தட்டில் கொழுந்து எத்தனை மணி நேரம் கிடக்க வேண்டும், மழைக்காலத்தில் சூடுகாற்று எவ்வளவு, வறுவலில் கருகல் வாடை எப்போது ஏறும். சேரம்பாடியில் செய்ததையெல்லாம் மாமா ஹந்தானையில் நின்று சொல்லிக்கொண்டே போனார். கட்டுக்கலைக்காரர் மணியைப் பார்த்தார். ஒன்று ஐந்து. அவர் தொழிலில் கடினமான வேலை இதுதான்: சரியாக நன்றாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் “மாமா, வாங்க போவம்” என்று சொல்வது. சொன்னார். மேல் மாடியில் தேநீர் குடிக்கக்கூட விடவில்லை.

மதியச் சாப்பாடு பேராதனை ஸ்டேஷன் பெஞ்சில். மனைவி கட்டிக்கொடுத்த பார்சலில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், தேங்காய்ச் சம்பல். ரெஸ்டோரன்டில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போகும். வாழையிலைப் பார்சலுக்கு இருபது நிமிடம். கெடு ஒன்றே முக்கால். ஒன்று நாற்பதுக்கு மலைப்பக்கத்திலிருந்து வண்டி வந்தது.

அவர் அந்த வண்டியில் போகவில்லை, ஆகவே பாதையில் மாமா என்ன பார்த்தார், என்ன நினைத்தார் என்று அவருக்குத் தெரியாது. ரம்புக்கனையில் இறங்கிய அத்தை வடையைப் பற்றித்தான் பேசினார். ரயிலில் விற்றவனிடம் பருப்பு வடை என்று வாங்கினால் மேலே முழு இறால் ஒட்டியிருந்ததாம்! மாமா வேனில் ஏறியதும் தூங்கிவிட்டார். வரக்காப்பொல வரை தூக்கம், அங்கிருந்து ஊர்ந்த நெரிசலில் விழிப்பு. மழை இல்லை, விபத்து இல்லை. தனியே எடுத்துவைத்த ஒரு மணியில் இருபது நிமிடம் மிச்சமாகி, ஐந்து நாற்பதுக்கு வாசலில் இறக்கிவிட்டார். மிச்சத்தில் துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கக் கடையில் ஆளுக்கொரு பிளேன்டீ. காலையிலிருந்து அவர்கள் குடித்த முதல் தேநீர். அடுத்த தடவை விமானத்தில் வந்து அக்கா வீட்டில் தங்குவதாகச் சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார். மறு வருஷம் வந்தார், தங்கினார், லங்காதிலகவுக்கும் பூந்தோட்டத்துக்கும் நிதானமாகப் போனார். நாவலப்பிட்டிக்கு அத்தையைக் கூட்டிப்போனதும் அப்போதுதான்.

அதற்குப் பின் சில மாறியிருக்கின்றன, சில மாறவில்லை. கண்டிப் பக்கம் போகும் மத்திய அதிவேகச் சாலையில் முதலில் திறந்தது மீரிகம–குருநாகல் பகுதி, 2022 ஜனவரியில். கொழும்பையொட்டிய கடவத்தை–மீரிகம பகுதி பின்தங்கிவிட்டதால், துறைமுகத்திலிருந்து வருபவருக்கு அதனால் பெரிய லாபமில்லை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டீலியா கப்பல் இலங்கைக்கு ஓடத் தொடங்கியதும் தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் கேட்கும் கேள்வி, வழியில் கண்டி பார்க்கலாமா என்பது. அந்தக் கப்பல் தொடும் துறைகள் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. திருகோணமலையிலிருந்துகூட கண்டி ஏறத்தாழ 180 கிலோமீட்டர். போக மட்டும் நான்கரை மணி. பார்க்க முடியாது. திருகோணமலையில் இறங்குபவருக்குக் கோணேஸ்வரமும், காங்கேசன்துறையில் இறங்குபவருக்குக் கீரிமலையும் நல்லூரும் பக்கத்திலேயே இருக்கும்போது மலையை நினைக்க வேண்டியதில்லை.

கொழும்பில் நிற்கும் கப்பலுக்கு டிக்கெட் எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கப்பல் கரையில் நிற்கும் நேரம் பன்னிரண்டு மணிக்குக் குறைந்தால் கண்டியை மறந்துவிட்டு, கொழும்பிலேயே கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலையும் புறக்கோட்டைக் கடைகளையும் பாருங்கள். கருங்கல்லில் கட்டிய அந்தக் கோயில் துறைமுகத்துக்கு வெகு அருகில். பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் கண்டியில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், மிஞ்சினால் இரண்டு. பள்ளிக்கூடம் விடுமுன் ஊரைத் தாண்டுங்கள். சாப்பாட்டைப் பார்சலாக எடுத்துக்கொள்ளுங்கள், வேன்காரரின் கடிகாரத்தைக் கப்பல் நேரத்தோடு சரிபார்த்த பிறகே ஏறுங்கள்.